கொக்கு நேர்கோட்டில் பறக்காது

விமானப் படையில் எனக்கு வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, உடுப்பு காக்கியா என்பதுதான். நீலம் என்றேன். அப்படியென்றால் சரி என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டார்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே விவசாயக் கூலிகளின் தெரு எங்களுடையது. நான் பிறப்பதற்கு முன்பு ஒரு வருஷம், கூலி உயர்வு கேட்டு அறுவடைக்கு இறங்க மாட்டோம் என்று தெருவே உட்கார்ந்தபோது, லாரியில் வந்து இறங்கிய காக்கி உடுப்புகளை அம்மா பார்த்திருக்கிறார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. தெருமுனையில் ஒரு செங்கொடிக் கம்பமும், அதற்குப் பின்னால் வந்த இரண்டு திராவிடக் கட்சிகளின் கம்பங்களும் தோளுரசி நின்றன. குடியிருந்த மனை எங்களுக்கே சொந்தம் என்று பட்டா வந்தது அந்த ஆட்சிகளில்தான். அப்பா அதை என் பள்ளிச் சான்றிதழ்களோடு ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

நான் பொறியியல் படித்து, தேர்வு எழுதி, அதிகாரியாகச் சேர்ந்தேன். வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு என் பிரிவு. விமானம் எப்போது கிளம்பலாம், எந்த உயரத்தில் காத்திருக்க வேண்டும், எப்போது இறங்கலாம் என்று டவரில் உட்கார்ந்து சொல்கிற வேலை. பல வருஷம் வடக்கே எல்லை ஓரத்துத் தளங்களில் இருந்தேன். பிறகு எதிர்பாராமல் சொந்தச் சீமைக்கே மாற்றல் வந்தது.

அந்தத் தளம் தஞ்சாவூர்ப் பக்கம். பழைய யுத்த காலத்து ஓடுபாதை அது. நெடுங்காலம் ஆடு மேய்ந்துகொண்டிருந்த இடம். வடக்கு எல்லையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த படை தென்கடலையும் பார்க்கத் தொடங்கியிருந்ததால், அதைப் புதுப்பித்துப் போர் விமானங்களைக் கொண்டுவந்திருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் விமானம், அந்தப் பக்கம் வயல். அதிகாரிகளில் தமிழ் தெரிந்தவள் அப்போது நான் ஒருத்திதான். அதனால் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. அது கொக்குகளைப் பற்றியது.

ஒரு கொக்கு அரைக் கிலோ கூட இருக்காது. வேகமாக ஏறுகிற விமானத்தின் எஞ்சினுக்குள் அது போய்விட்டால் எஞ்சின் நொறுங்கலாம், விமானி வெளியே குதிக்க வேண்டிவரலாம். ஆகவே சுற்றுவட்டாரப் பறவைகள் எப்போது, எங்கே, எதற்காகக் கூடுகின்றன என்று கண்டுபிடிப்பது என் கூடுதல் வேலையாயிற்று. எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. ராடார், எரிபொருள், காற்றழுத்தம் என்று இத்தனை வருஷம் படித்தவள், திடீரென்று எங்கள் அம்மா நடவுக்குப் போன வயலைப் பாடமாகப் படிக்க வேண்டியிருந்தது. டிராக்டர் சேற்றைக் கலக்கும்போது பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் வரிசை கட்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எத்தனை நாழி இருக்கும், கிளம்பும்போது எந்த உயரத்தில் எந்தப் பக்கம் போகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தொலைநோக்கியும் நோட்டுமாக வேலியோரம் நடந்தேன். வாய்க்காலில் தண்ணீர் வந்த முதல் இரண்டு நாள் ஒரு கணக்கு, நாற்றுப் பறிக்கும்போது வேறு கணக்கு, அறுவடை மெஷின் இறங்கினால் பருந்துகளும் சேர்ந்துகொண்டு முற்றிலும் வேறு கணக்கு.

கிழக்கு வேலியை ஒட்டி ஒரு சின்னத் தெரு இருந்தது. நாற்பது வீடு இருக்கும். அங்கேதான், தெருவே அக்கா என்று கூப்பிடும் ஒருவரை முதலில் பார்த்தேன். அறுபதை நெருங்கியவர். கூலி வேலை செய்த குடும்பம். உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த உபரி நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், அவர் மாமனாருக்குக் கிடைத்து, இப்போது அவர் பெயரில் இருந்தது. புருஷன் இல்லை. மகன் வெளிநாட்டில். மருமகளும் அவருமாகப் பயிர் செய்தார்கள்.

நான் அவரைப் பார்த்தது கொக்குக்காக அல்ல. ஓடுபாதையை நீட்டுவதற்காக வேலிக்கு வெளியே ஒரு பட்டை நிலம் எடுக்க அளவைக்காரர்கள் வந்தபோது, மொழிபெயர்ப்பதற்காக என்னையும் அனுப்பியிருந்தார்கள். தெருப் பெண்கள் பாதையில் உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா நடுவில் இருந்தார். அவர் நிலத்தில் இரண்டு மா அந்தப் பட்டைக்குள் விழுந்தது. கொடுத்த பட்டாவை எப்படித் திரும்பப் பிடுங்கலாம் என்று அவர் கேட்டதை நான் தளத்து ஆட்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். பேச்சுக்கு நடுவே என் பக்கம் திரும்பி, தமிழ்ப் பெண்ணாக இருக்கிறாயே, எந்த ஊர் என்று கேட்டார்.

கும்பகோணம் என்று சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். கும்பகோணத்தில் எனக்கு யாரும் கிடையாது. கல்லூரிக்குப் போகிற வழியில் பஸ் மாறிய ஊர், அவ்வளவுதான். ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி எந்தத் தெரு என்று வந்திருக்கும். அதற்கும் பதில் சொல்லிவிட்டு அந்த அளவைச் சங்கிலிப் பக்கம் நிற்க எனக்கு அன்றைக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் அளவைக்காரர்கள் வரப்பு வழியாகச் சுற்றிப் போய் எல்லைக் கல் நட்டார்கள். நாங்கள் ஜீப்பில் ஏறித் திரும்பினோம்.

அதற்குச் சில மாதம் கழித்து, டிரோன்களிடமிருந்து தளத்தைக் காக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. அப்போது உலகம் முழுவதும் படைகளின் பேச்சு டிரோனைப் பற்றித்தான். கடையில் வாங்கக்கூடிய ஒரு சின்னக் கருவி, நிறுத்தி வைத்திருக்கிற பெரிய விமானத்தை நாசம் செய்யக்கூடும் என்று ஆகிவிட்டது. உயரத்தில் வேகமாக வரும் எதிரியைப் பார்ப்பதற்கென்று செய்த ராடார், தென்னை மட்டத்தில் மெதுவாக வருவதைப் பார்க்கத் தடுமாறும். பார்த்தாலும் அதைப் பறவை என்று ஒதுக்கிவிடும். உண்மையில் பறவைகள் திரையை மறைக்காமலிருக்க, சின்னதையும் மெதுவானதையும் ஒதுக்கத்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம். பறவைக் கோப்பு என்னிடம் இருந்ததால் டிரோன் கோப்பும் என்னிடமே வந்தது.

முன்பு வேலியோடு நின்ற, டிரோன் பறக்கக் கூடாத வட்டத்தைச் சுற்று ஊர்கள் வரை பெரிதாக்கியிருந்தார்கள். அதை ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டும். அறிவிப்பை நானே தமிழில் எழுதினேன். கல்யாண வீடியோ எடுப்பவர்கள், விவசாயிகள் எல்லோருக்கும் புரிகிற மாதிரி. மூன்று ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகங்களில் கூட்டம் போட்டுப் படித்துக் காட்டினேன். கிழக்கு வேலித் தெருவுக்கு மட்டும் போகவில்லை. ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்று தள்ளினேன். பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டியாயிற்று, அவர்கள் காதுக்குப் போயிருக்கும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

சம்பாப் பயிர் பால் பிடிக்கிற சமயம். காலை ஒன்பது மணி இருக்கும். இரண்டு விமானங்கள் கடல் பக்கம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன. டவர் மாடத்தில் தொலைநோக்கியோடு நின்ற ஏர்மேன், கிழக்கு வேலிக்கு மேல் ஒரு பருந்து அசையாமல் நிற்பதாகச் சொன்னார். பருந்து காற்றில் அப்படி நிற்பதுண்டு. ஆனால் அன்றைக்குக் காற்றே இல்லை. நான் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தேன். அது நகர ஆரம்பித்தது. நேராகப் போயிற்று. வயல் முடிகிற இடத்தில் நின்று, கொஞ்சம் பக்கவாட்டில் ஒதுங்கி, அதே நேரில் திரும்பி வந்தது. மறுபடி ஒதுங்கி, மறுபடி நேராக. ஒரு வருஷமாகப் பறவைகளைப் பார்த்திருந்தேன். எந்தப் பறவையும் இப்படிச் சால் ஓட்டுகிற மாதிரிப் பறப்பதில்லை.

விமானங்கள் இறங்கப் பாதையில் சேர இன்னும் சில நிமிஷம். என்ன சுமந்திருக்கிறது, யார் அனுப்பியது, ஒன்றா இன்னும் வருமா, எதுவும் தெரியாது. இரண்டையும் உயரத்திலேயே சுற்றச் சொன்னேன். எரிபொருள் குறைந்துகொண்டிருந்தது. தளபதிக்குத் தகவல் சொல்லி, அவர் ஒப்புதலோடு இரண்டையும் திருச்சிப் பக்கம் திருப்பி அனுப்பினேன். காவல் வண்டி கிழக்கு வாசலுக்குப் பறந்தது.  

அரை மணியில் என்னைக் காவல் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசை மேல் ஆறு இறக்கைகளும் ஒரு மருந்துத் தொட்டியுமாக அந்த டிரோன் இருந்தது. அறை முழுக்கப் பூச்சிமருந்து வாடை. சுவரோரம் நின்றது அக்காவின் மருமகள். முப்பது வயதுக்குள் இருக்கும். சுடிதாருக்கு மேல் முழுக்கைச் சட்டை, கழுத்தில் தொங்கிய முகமூடி. மகளிர் குழு மூலம் டிரோன் ஓட்டப் பயிற்சி பெற்றுச் சான்றிதழும் வாங்கியவள். அக்கா வண்டிக்குப் பின்னாலேயே வயலிலிருந்து நடந்து வந்து, சேற்றுக் காலோடு வாசலில் உட்கார்ந்துவிட்டதாகவும், உள்ளே விடாமல் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார் என்றும் சொன்னார்கள். தளபதி அவரையும் உள்ளே வரச் சொன்னார்.

தளபதி வடக்கத்திக்காரர். அதிகம் பேசாதவர். கோபத்தில் இருந்தார், ஆனால் குரலை உயர்த்தவில்லை. அவர் கேட்கக் கேட்க நான் தமிழில் கேட்டேன்.

மருமகள் பயந்திருந்தாலும் தெளிவாகப் பதில் சொன்னாள்.

“பயிற்சியில மேப் பாக்கச் சொல்லிக் குடுத்தாங்க மேடம். போன தடவை பாத்தப்ப எங்க வயலு மஞ்சள்லதான் இருந்துச்சு. பறக்கவே கூடாதுன்னு செவப்பா மாத்துனது எனக்குத் தெரியாதுங்க. வேலிக்கு உள்ள போகாம, மரத்துக்குக் கீழயே வச்சுத்தான் ஓட்டுனேன்.”

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். தளபதி குறித்துக்கொண்டார். வட்டம் மாறியதை அறிவித்தோமே என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அக்கா என்னைப் பார்த்தே பதில் சொன்னார்.

“மத்த ஊருக்கெல்லாம் வந்து படிச்சுக் காமிச்சீங்களாம். எங்க தெருவுக்கு மட்டும் ஏன் வரல? எடம் எடுக்க மட்டும் வழி தெரிஞ்சுச்சா?”

அக்காவைத் தவிர அறையில் இந்தச் சொற்கள் இரண்டே பேருக்குத்தான் புரிந்தன என்று சொல்ல வேண்டும். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். தளபதியும் காவல் அதிகாரியும் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். ‘எங்களுக்குச் செய்தி வரவில்லை என்கிறார்’ என்று சுருக்கிச் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. அந்த ஓரிரு விநாடி எனக்கு இப்போதும் நன்றாக நினைவிருக்கிறது. அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் தெரியாதவர்தான். ஆனால் நான் எத்தனை நீளம் பேசுகிறேன் என்று அளந்துகொண்டிருந்த மாதிரித் தோன்றியது.

அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

உண்மையா என்று தளபதி கேட்டார். உண்மைதான் என்றேன். காரணம் கேட்டார். நிலம் அளக்கப் போன அன்றைக்கு அவர்கள் முன்னால் நின்றது எனக்கு வெட்கமாக இருந்தது, நானும் அப்படி ஒரு தெருவில் பிறந்தவள், மறுபடி அங்கே போய் இன்னொரு உத்தரவைப் படிக்க மனசு வரவில்லை என்று சொன்னேன். கும்பகோணம் என்று பொய் சொன்னதையும் சொன்னேன். ஒரு காவல் அறையில், பூச்சிமருந்து வாடைக்கு நடுவில், ஆங்கிலத்தில் அதைச் சொன்னது விசித்திரமாக இருந்தது. பிறகு அக்காவிடம் திரும்பி அதையே தமிழில் சொன்னேன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே என்று ஊரையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை, இரங்கவும் இல்லை. “அங்க எங்க சின்னம்மாவக் கட்டிக் குடுத்திருக்கு” என்று மட்டும் சொன்னார்.

தளபதி பேனாவை மூடினார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார். அது பறவை இல்லை என்று உனக்கு எப்படித் தெரிந்தது? நேர்கோடு என்றேன். வயலில் மருந்து அடிப்பவர் ஓர் இடம் விடாமல் போய்த் திரும்புகிற மாதிரி இருந்தது, பறவைக்கு அந்தத் தேவை இல்லை என்றேன். அப்படியானால் நேர்கோட்டில் வராத டிரோனை உன் ஆட்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். 

போலீசுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி, எழுதி வாங்க வேண்டியதை எழுதி வாங்கி, மாலைக்குள் மருமகளை அனுப்பிவிட்டார்கள். டிரோன் மூன்று வாரம் தளத்தில் இருந்தது. எனக்கு எழுத்து மூலம் கண்டனம் வந்தது. நியாயமான கண்டனம். என் கோப்பில் அது இன்னும் இருக்கிறது. மறுநாளே கிழக்குத் தெருவுக்குப் போய் அறிவிப்பைப் படித்தேன். பாதி வீடுகள் கதவைத் திறக்கவில்லை. மாரியம்மன் கோயில் வாசலில் நின்று திறந்த வீடுகளுக்குப் படித்தேன்.

தளபதியின் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. எங்கள் காவல் ஏர்மேன்கள் டிரோனைப் படத்தில் பார்த்திருந்தார்கள். வயலுக்கு மேல், கொக்குகளுக்கு நடுவில், பம்ப்செட் சத்தத்தில் அது எப்படி இருக்கும் என்று யாரும் பார்த்ததில்லை. அதைக் காட்டத் தெரிந்த ஒருத்தி வேலிக்கு அந்தப் பக்கமே இருந்தாள். அவளையே ஓட்டிக் காட்டச் சொல்லலாம் என்று தயங்கித் தயங்கித் தளபதியிடம் சொன்னேன்.  நான்கு நாள் கழித்து அவர் ஆட்சியர் அலுவலகம் வரைக்கும் எழுதி, விமானம் பறக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அனுமதி வாங்கினார்.

மருமகள் சம்மதிப்பாளா என்பது அடுத்த கேள்வி. அவள் சம்மதித்தாள். உழவு, மருந்தடிப்பு நாட்களை முன்கூட்டி எங்களுக்குச் சொல்லும்படியும் கேட்டேன். அக்காதான் ஒரு நிபந்தனை போட்டார்.

“நாங்க எப்ப உழுவுறோம், எப்ப மருந்தடிக்கிறோம்னு ஒங்களுக்குச் சொல்லணும். சரி. அப்ப நீங்க எப்ப பறக்குறீங்கன்னு எங்களுக்கும் சொல்லணும். அந்தச் சத்தத்துல எங்க மாடு கட்டுத்தறிய அத்துக்கிட்டு ஓடுது.”

படை எப்போது பறக்கும் என்று வெளியே சொல்ல முடியாது. அதை அவரிடம் நேராகவே சொன்னேன். மருந்தடிக்க, உழ, மாடு மேய்க்கத் தடையில்லாத நேரம் எது என்று முதல் நாளே போனில் சொல்லலாம் என்று தளபதி ஒரு வழி கண்டுபிடித்தார். மற்ற நேரத்தில் ஏன் தடை என்று கேட்கக் கூடாது. அக்கா யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஒரு நாள் என் பணிக்காலத்தில் வேறு இல்லை. எட்டு ஏர்மேன்களை வேலி நெடுக நிறுத்தினேன். மருமகள் தொட்டியில் வெறும் தண்ணீரை நிரப்பி, வரப்பில் நின்று ஓட்டினாள். எவ்வளவு தூரத்தில் காதில் விழுகிறது, எவ்வளவு தூரத்தில் கண்ணில் படுகிறது என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். நாங்கள் நினைத்திருந்ததெல்லாம் தப்பாகப் போயிற்று. பம்ப்செட் ஓடினால் டிரோன் சத்தம் பக்கத்தில் வரும் வரைக்கும் கேட்கவே இல்லை. வானத்துக்கு எதிரே பார்த்தால் பளிச்சென்று தெரிந்தது பயிருக்கு எதிரே வந்ததும் காணாமல் போயிற்று. கொக்குகள் அதைச் சட்டை செய்யவில்லை, கீழே பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தன. ஒரு ஆட்காட்டிக் குருவி மட்டும் டிரோன் கிளம்பிய நிமிஷத்திலிருந்து இறங்கும் வரை கத்திக்கொண்டே இருந்தது. ஏர்மேன் ஒருவர் அதைக் கவனித்துச் சொன்னார். மறுபடி பறக்கவிட்டுப் பார்த்தோம். மறுபடியும் கத்தியது. ஆள் போனாலும் நாய் போனாலும் அது கத்தும் என்பதால் அதை நம்பிவிட முடியாது என்று மருமகள் சொன்னாள். அதையும் எழுதிக்கொண்டேன்.

கடைசியில் அவளிடம், நீ ஒளிந்து வர வேண்டுமென்றால் எப்படி வருவாய் என்று தளபதி கேட்கச் சொன்னார். அவள் கொஞ்சம் சிரித்துவிட்டு, அறுவடை மெஷினுக்குப் பின்னால் கிளம்பும் கொக்குக் கூட்டத்தோடு தாழ்வாக வருவேன் என்றாள். நான் மொழிபெயர்த்ததும் எங்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. அறுவடைக் காலத்தில் கிழக்கு வேலிக்கு இரட்டைக் காவல் போட்டது அந்தப் பதிலுக்குப் பிறகுதான். பின்னால் புதுக் கருவிகளும் வந்தன. அவற்றை எங்கே வைக்கலாம் என்று தீர்மானிக்க அன்றைக்கு எழுதிய நோட்டைத்தான் எடுத்துப் பார்த்தார்கள்.

போன் ஏற்பாடு நிலைத்தது. உழவுக்கு முதல் நாள் அக்கா டவருக்கு அடிப்பார். என்னை மேடம் என்றோ வேறு எப்படியோ கூப்பிடமாட்டார். நாளைக்கு மேலக்கட்டளை வயல்ல டிராக்டர் இறங்குது என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அந்த வருஷம் எங்களுக்குப் பறவை மோதல் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு அவர்தான் காரணமா, வெறும் அதிர்ஷ்டமா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியாது.

இரண்டு மா நிலம் மட்டும் தீராமல் கிடந்தது. எனக்கு ராஜஸ்தானுக்கு மாற்றல் வந்த வாரம், சொல்லிக்கொள்ளப் போனேன். அக்கா வரப்பின் ஓரத்தைச் செதுக்கி அண்டை வெட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போய், நிலம் எடுப்பு அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். மருமகளுக்குப் பாதி புரிந்தது, மீதி புரியவில்லை என்றார். சட்ட இங்கிலீஷ். படித்துச் சொல்லச் சொன்னார்.

வாய்க்கால் மதகு மேல் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். எந்தச் சர்வே எண், எத்தனை பரப்பு, எதற்காக எடுக்கிறார்கள் என்று மூன்று பக்கம் ஓடியது. கடைசிப் பக்கத்தில், ஆட்சேபம் இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கலாம், அதற்கு இன்ன தேதி கடைசி என்று சின்ன எழுத்தில் இருந்தது. நான் சீருடையில் இருந்தேன். அந்தப் பட்டை நிலம் தளத்துக்குத் தேவை என்பதும் எனக்குத் தெரியும். நீண்ட ஓடுபாதை இருந்தால் பாரம் ஏற்றிய விமானம் பத்திரமாகக் கிளம்பும்.

அந்த வரியையும் படித்து அர்த்தம் சொன்னேன். தேதியைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். மனு எழுதத் தஞ்சாவூரில் ஒரு வக்கீலைத் தெரியும் என்றாள் மருமகள். அக்கா அந்தத் துண்டுக் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். ராஜஸ்தானில் வயலே கிடையாதாமே, அங்கே எந்தப் பறவையைப் பார்ப்பாய் என்று கேட்டார். தெரியவில்லை, போய்த்தான் பார்க்க வேண்டும் என்றேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினார்.